பச்சையம்மாள் கடை இட்லியும் எங்கள் லேப் கிருமியும்

ஊரார் காலையில் எழுந்து எதை வேண்டாம் என்று விட்டுவிட்டு வருகிறார்களோ, அதை ‘சீக்கிரம் கொண்டுவாங்க’ என்று வாசலில் நின்று கேட்டு வாங்குகிற உத்தியோகம் எங்களுடையது. லேபில் குப்பை கொட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். “சர்க்கார் உத்தியோகம், டாக்டர்களோடு” என்று சொல்லி அப்பா அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்குக் கல்யாணமே நடந்திருக்காது.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். பெங்களூர் ஒக்கலிபுரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் லேப். தண்ணீர், பால், தொண்டைச் சளி, மேற்படி சமாசாரம் எல்லாம் வரும். அவற்றில் கிருமி இருக்கிறதா, இருந்தால் நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்வது வேலை. கண்ணுக்குத் தெரியாத இந்த ஜீவன்களில் கெட்டது ரொம்பக் கொஞ்சம்தான். பால் தயிராவதும், மாவு புளிப்பதும், செத்தது மண்ணாவதும் இவற்றின் தயவு. இதெல்லாம் எனக்கு அலுக்கவே அலுக்காத அதிசயம். ஆனால் அந்தக் கொஞ்சம் கெட்டதில் ஒன்று பச்சையம்மாளின் பிழைப்பையே மூடப் பார்த்தது. நான் சொல்ல வந்தது அந்தக் கதைதான்.

நோட்டீஸ்

எங்கள் சந்து முனையில் பச்சையம்மாளின் இட்லிக்கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, சுவரில் முருகன் படமும் அதற்குப் பக்கத்தில் புத்தர் படமும். ஸ்டேஷன் போர்ட்டர்கள் அத்தனை பேருக்கும் காலைப் பலகாரம் அங்கேதான். எனக்கும் அங்கேதான். அல்சூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்போது வயிறு காய்ந்துவிடும். எங்கள் வீட்டார் முதலியார்கள், மூன்று தலைமுறையாகச் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். பச்சையம்மாள் கடையில் நான் சாப்பிடுவது வீட்டில் தெரியாது, தெரிந்திருந்தால் ரகளைதான். கடை மூலையில் ஒரு பெரிய மண்பானையில் தண்ணீர் இருக்கும். வேண்டியவர்கள் அவரவர் தம்ளரை உள்ளே முக்கி எடுத்துக் குடிக்க வேண்டியது. நானும் அப்படித்தான் குடிப்பேன்.

அந்த வருஷம் மழை முடிந்ததும் போர்ட்டர்களில் மூன்று பேருக்கு வரிசையாக டைபாய்டு வந்தது. ஏழுமலை என்ற இளவட்டம் பிழைப்பானா என்றே சந்தேகமாகிவிட்டது. புதிதாக வந்திருந்த மாத்திரைதான் அவனைக் காப்பாற்றியது. மூன்று பேரும் பச்சையம்மாள் கடையில் சாப்பிட்டவர்கள். எங்கள் மேலதிகாரி டாக்டர் சரோஜம்மா கடைக்கே நேரில் வந்தார். மல்லேசுவரத்துக் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். மாவு, சட்னி, பானைத் தண்ணீர் எல்லாவற்றிலும் மாதிரி எடுக்கச் சொன்னார். பானைத் தண்ணீரில் குடல் கிருமி இருந்தது. அத்தனை பேர் கை முழுகும் பானையில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் டைபாய்டு கிருமியை ஒருத்தர் உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டும். சமைக்கிறவர் மேல்தான் முதல் சந்தேகம். பச்சையம்மாளை மூன்று தடவை பரீட்சை செய்து, மூன்றும் சுத்தம் என்று வந்தால்தான் கடை திறக்கலாம் என்று உத்தரவானது. ஒரு தடவை கிருமி தெரிந்தாலும் அவள் ஆயுசுக்கும் இட்லிப் பானையைத் தொடக் கூடாது.

மூடி போட்ட தகர டப்பாவை அவளிடம் நீட்டி, விஷயத்தைச் சொன்னேன். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இத்தினி வருசமா என் கையில இருந்தத சாப்ட்டுட்டுப் போனீங்கோ. இப்போ இன்னா சார், என் வயித்துல இருக்கறதயும் பார்த்தாத்தான் மனசு ஆறுமா?”

கடல்பாசி

கிருமியைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். தனியாக ஒன்று கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்காகப் பெருகிக் குவிந்தால்தான் ஒரு பொட்டு மாதிரி தெரியும். அதற்கு இறைச்சி ரசம் காய்ச்சி, அது ஹல்வா பதத்தில் உறைய ‘அகர்’ என்ற பொடியைப் போட்டு, கண்ணாடித் தட்டில் ஊற்றி வைப்போம். எங்கள் அதிர்ஷ்டம், பச்சையம்மாள் டப்பா வந்த அன்றைக்குப் பார்த்து அகர் டின்னில் ஒரு சிட்டிகைப் பொடிகூட இல்லை. கப்பலில் வர வேண்டிய சரக்கு, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அகர் என்பது வேறொன்றுமில்லை, ரம்ஜானுக்குப் பாலில் காய்ச்சிக் கட்டியாக்கிச் சாப்பிடுகிற கடல்பாசிதான். டாக்டரம்மா என்னைக் கன்டோன்மென்ட் மார்க்கெட்டுக்கு விரட்டினார். அங்கே ஒரு பாய் கடை. இருக்கிற கட்டு எல்லாவற்றையும் போடுங்கள் என்றேன். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். பாய்க்குத் தாங்கவில்லை. வீட்டில் தினம் விருந்தா என்று விசாரித்தார். எனக்கில்லை, கிருமிகளுக்கு, அவை ராத்திரி பகல் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்று விளக்கினேன். பாய் கடல்பாசியைப் பொட்டலம் கட்டி என் பக்கம் தள்ளினார்.

“அதுங்க பண்ற காரியத்துக்கு அதுங்களுக்குத்தான் சாப் மொதல்ல நோன்பு வைக்கணும்.”

அந்தோணியின் கைமணம்

இறைச்சி ரசம் காய்ச்சுவது அட்டெண்டர் அந்தோணியின் பொறுப்பு. ஐம்பது வயது ஆள், முன்னே பட்டாளத்துச் சமையலில் இருந்தவர். அதனால் லேபிலும் சமையலறைக் கௌரவம் பார்ப்பார். பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் அடுப்பு மூட்டினால் எதிர் போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் நாறும். அங்கிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது.

பச்சையம்மாளின் முதல் சாம்பிளைத் தட்டில் பூசி, உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்தோம். மறுநாள் பார்த்தால் தட்டில் ஒன்றுமே இல்லை. கடல்பாசியும் சரியாக உறையாமல் கொழகொழவென்று கிடந்தது. எனக்கோ ஒரே சந்தோஷம், பச்சையம்மாள் சுத்தம் என்று சொல்லிவிடலாமே என்று வாயெடுத்தேன். டாக்டரம்மா முறைத்தார். டைபாய்டு இல்லாவிட்டால் போகட்டும், எல்லார் வயிற்றிலும் இருக்கிற சாதாரணக் கிருமிகூடவா இல்லை என்றார். மனுஷ வயிற்றிலிருந்து வந்ததில் ஒன்றுமே வளரவில்லை என்றால் சாப்பாட்டில்தான் கோளாறு. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நாற்றம் போக அந்தோணி அடுப்பிலிருக்கும்போதே ரசத்தில் ஆறு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்திருக்கிறார். புளிப்பு மிஞ்சினால் குடல் கிருமி தலைதூக்காது. ஊறுகாய் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கிற ரகசியமும் அதுதான். புளிப்போடு கொதித்தால் கடல்பாசியும் கட்டியாகாது.

பரீட்சை வீண். பச்சையம்மாள் கடை இன்னும் சில நாள் மூடிக் கிடக்க வேண்டியதுதான். இனிமேல் ஒவ்வொரு தடவையும் நோயில்லாத ஒரு நல்ல ஆளின் சாம்பிளையும் கூடவே போட வேண்டும், அது வளர்ந்தால்தான் சாப்பாடு சரி என்று அர்த்தம் என்று டாக்டரம்மா புதுச் சட்டம் போட்டார். நல்ல ஆள் யார் என்று கேட்டதும் நான் பெருமையாகக் கையைத் தூக்கினேன். அந்தோணிக்கு மட்டும் கோபம் ஆறவேயில்லை.

“பட்டாளத்துல கர்னல் தொரையே என் சூப்ப ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. இந்தக் கிருமிங்களுக்கு அவ்ளோ கொழுப்பா சார்?”

டிசம்பர் மாவு

பெங்களூர் டிசம்பர் குளிரில் மாவு புளிக்காது என்பது தாய்மார்களுக்கெல்லாம் தெரிந்த துக்கம். மாவைப் பொங்க வைக்கிற கிருமிகளும் நம்மைப் போலத்தான், குளிரடித்தால் கையைக் காலை முடக்கிக்கொண்டு படுத்துவிடும். டாக்டரம்மா வீட்டுக்கு மைசூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. தோசை போட முடியாமல் மானம் போகிறது என்று இரண்டு நாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் சட்டம் சொல்கிற டாக்டரம்மா, நாங்கள் வீட்டுக்குப் போனபிறகு ஒரு பெரிய தூக்குப் பாத்திரம் நிறைய மாவைக் கொண்டுவந்து இன்குபேட்டர் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

காலையில் கதவைத் திறந்தால் உள்ளே வெள்ளம். மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, கீழ்தட்டில் இருந்த பச்சையம்மாள் தட்டு, என் தட்டு எல்லாவற்றின் மேலும் வழிந்து இறங்கியிருந்தது. இரண்டாவது பரீட்சையும் போயிற்று. கிருமித் தட்டோடு ராத்திரி முழுக்க இருந்த மாவை வெளியே கொட்டவும் முடியாது. எங்களிடம் ஆவியில் அழுத்தி வேகவைத்துக் கிருமியைக் கொல்கிற பெரிய பாத்திரம் ஒன்று உண்டு. பாத்திரத்தோடு மாவை அதில் ஏற்றினோம். முக்கால் மணி கழித்துத் திறந்தபோது உள்ளே ஒரே இட்லி, தலையணை அளவுக்கு, நல்ல வெள்ளையாக உப்பி நின்றது. டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்தோணிக்கு எலுமிச்சம்பழக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள அதைவிட நல்ல சமயம் வாய்க்குமா.

“டாக்டரம்மா, பெங்களூர்லயே கிருமி இல்லாத இட்லி இது ஒண்ணுதான். நாத்தனாருக்குக் கட்டிக் குடுக்கட்டுங்களா?”

குப்பைக்குக் காய்ச்சல்

பச்சையம்மாளுக்கு இதைப் போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை. அவள் புருஷன் சின்னப்பன் ஊருக்கு வெளியே கார்ப்பரேஷன் எருக்குழியில் காவல் வேலை பார்த்தார். கடை மூடினதிலிருந்து வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். மண் மாதிரி எடுக்கிற சாக்கில் அவரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன்.

நான் தயங்கித் தயங்கிச் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார், திட்டவில்லை. அதற்குப் பதிலாகக் குழிக்குள் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி, தொடுங்கள் என்றார். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. கீழே நெருப்பும் இல்லை, வெயிலும் இல்லை. ஊர்க் குப்பையை அடுக்கடுக்காகப் போட்டு மூடினால் கிருமிகள் அதைத் தின்கிற வேகத்தில் எழுகிற சூடு அது. அந்தச் சூட்டிலேயே குப்பையில் இருக்கிற நோய்க் கிருமிகள் பெரும்பாலும் செத்துப்போகும். சில மாசத்தில் நாற்றமில்லாத கறுப்பு எரு கிடைக்கும். புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். கை சுட்டபோதுதான் எனக்கு நிஜமாகப் புல்லரித்தது. இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன். நான் ஆசை தீரப் பார்க்கட்டும் என்று சின்னப்பன் காத்திருந்துவிட்டு, கம்பியைத் திரும்பச் செருகினார்.

“காய்ச்சல் வந்தவங்களால அவ கடை மூடிச்சு. இந்தக் குப்பைக்குக் காய்ச்சல் வரலேன்னா எனக்கும் வேல போயிடும். சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்க சார்.”

ரோஸும் வெள்ளையும்

மூன்றாவது தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்தோணி எலுமிச்சம்பழம் பக்கமே போகவில்லை. டாக்டரம்மா நாத்தனாரும் ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் ஊற்றுகிற தட்டில் ஒரு சாயம் கலந்திருக்கும். எல்லார் வயிற்றிலும் இருக்கிற சாதாரணக் கிருமி அதில் ரோஸ் நிறத்தில் பொட்டுப் பொட்டாக வளரும். டைபாய்டுக் கிருமி நிறமே இல்லாமல் வெளுப்பாக வளரும். மறுநாள் பச்சையம்மாள் தட்டைத் திறந்தேன். முழுக்க ரோஸ். அப்பாடா என்றிருந்தது. சாப்பாடு சரிதானா என்று பார்க்க என் தட்டையும் திறந்தேன். ரோஸுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள்.

தட்டு மாறிப்போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, சாமியை வேண்டிக்கொண்டேன். ஆனால் மாறியிருந்தால் வெள்ளை பச்சையம்மாளுடையது, அவள் கடை தொலைந்தது என்று அர்த்தம். லேப் உதவியாளனுக்கு டைபாய்டு என்பதைவிட இட்லிக்காரிக்கு டைபாய்டு என்பதை ஊர் உடனே நம்பும். நான்தான் திரும்பப் போடுவோம் என்றேன். இந்தத் தடவை பெயர் எழுதுவது, பூசுவது, பூட்டுவது எல்லாம் டாக்டரம்மா கையாலேயே நடந்தது. பச்சையம்மாள் ரோஸ், நான் வெள்ளை. அதற்கடுத்த தடவையும் அப்படியே. வெள்ளைப் பொட்டில் ஒன்றை எடுத்துக் கண்ணாடிச் சில்லில், டைபாய்டுக் கிருமி பட்டால் மட்டும் திரிகிற சீரத்தோடு கலக்கினார். பால் திரிந்தாற்போல் திட்டுத் திட்டாகிவிட்டது. இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்கு விஷக் காய்ச்சல், இதே டைபாய்டுதான், வந்து முடியெல்லாம் கொட்டிப்போனது உண்டு. காய்ச்சல் போய்விட்டது, கிருமி மட்டும் பித்தப்பையில் குடியிருந்துகொண்டு இத்தனை வருஷமாக என்னை ஒன்றும் செய்யாமல் என்னோடு ஊர் சுற்றியிருக்கிறது. நூற்றில் இரண்டொருவருக்கு அப்படி ஆவதுண்டு என்று நானே எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். பச்சையம்மாளின் பானையில் தினம் தினம் முழுகிய என் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை ஆஸ்பத்திரியில் கிடந்தது கண்ணுக்குள் வந்தது. டாக்டரம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏன்ரீ முதலியாரே, நாம ஊரெல்லாம் தேடிட்டு இருந்தோம். நீங்க பாத்தா ஒரு நாள்கூட ரஜா போடாம வேலைக்கு வந்துட்டு இருந்தீங்களே.”

ஆணியில் மாட்டியது

கடை திறக்க உத்தரவு போயிற்று. காரணத்தை நீங்களே போய்ச் சொல்லுங்கள், அந்தம்மாவுக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மண்பானை இருந்த இடத்தில் குழாய் வைத்த தகர டிரம். பெஞ்சில் போர்ட்டர்கள். கடைசியில் ஒட்ட வெட்டிய தலையோடு இளைத்துப்போய் ஏழுமலை உட்கார்ந்திருந்தான். எப்போதும் நேராக உள்ளே போய் உட்காருகிறவன், அன்றைக்கு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். உன்னிடமிருந்து இல்லை, என்னிடமிருந்துதான் வந்தது, நான் பானையில் கைவிட்டதால் வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைப் பார்க்கக் குனிந்துகொண்டான். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. பச்சையம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு உள்ளே போனாள். ஒரு அலுமினியத் தம்ளரோடு வந்தாள். கடைக்கு வெளியே, தகரத் தட்டியைத் தாங்கும் மரத்தில் ஒரு ஆணி இருந்தது, தம்ளரை அதில் மாட்டினாள். பிறகு அவளே அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். எட்ட நின்று, கை படாமல், உயரத்திலிருந்து டீயை ஊற்றினாள். குடித்து முடித்ததும் நானே கழுவி அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

“நாங்க ஓட்டலுக்கு வெளிய நின்னு தனித் தம்ளர்ல குடிச்சே வளந்தவங்க சார். எங்கள யாரும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு வெளிய நிறுத்தல, அதான் வித்தியாசம். உங்களுக்குப் புதுசு, நாலு நாள்ல பழகிடும்.”

எத்தனையோ மாத்திரை சாப்பிட்டும் அந்தக் கிருமி என்னை விட்டுப் போகவில்லை, நானும் அந்தக் கடையை விடவில்லை. ஆக ரிட்டயர் ஆகிற வரைக்கும் லேபுக்கு உள்ளே போய் ஊரார் வயிற்றைச் சோதித்துக்கொண்டும் கடைக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டும் உத்தியோகம் பார்த்த ஆள் எங்கள் டிபார்ட்மெண்டிலேயே நான் ஒருவன்தான்.